வலைக்கூடத்தில் பாதி

ஏப்ரல் 17

இந்த நோட்டை அந்தப் பெண்தான் கொடுத்தாள். பெயர் தாரிணி. சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். ஓவியம், கைவேலை எல்லாம் படித்தவளாம். கரையில் ஒதுங்கும் கிழிந்த வலை, அறுந்த கயிறு, உடைந்த மிதவை இவற்றை வைத்துப் பை, பாய், விளக்குக் கூடு என்று செய்ய ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தரப் போகிறாளாம். அதற்கு முன்னால், தினமும் கரையில் என்னென்ன குப்பை பார்த்தோம் என்று ஆளுக்கொரு நோட்டில் எழுதி வர வேண்டுமாம்.

எங்கள் ஊர்க் குப்பையை எழுதி வாங்கிக்கொண்டு போய் இவள் யாரிடம் கொடுக்கப் போகிறாள்? நான் இதில் குப்பையை எழுதப் போவதில்லை. இவளை எழுதப் போகிறேன். நாளைக்கு ஒன்று என்றால் ஊர்க் கமிட்டி முன்னால் எடுத்துப் போட ஒரு சாட்சி வேண்டும் அல்லவா?

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இன்று மூன்றாம் நாள். ஜூன் பதினாலு வரை படகுகள் கரையில்தான். வலைகளை இறக்கிப் பிரித்துப் பழுது பார்க்கிற இந்த இரண்டு மாதம்தான் எனக்கு வருடத்தின் முக்கியமான காலம். கொஸ்மாஸின் படகுக்கு இருபத்திரண்டு வருடமாக வலை பொத்துகிறவள் நான். புருஷன் செத்துப்போய் ஒன்பது வருடமாகிறது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், என் சோற்றுக்கு என் ஊசி போதும். அந்த ஊசி கையை விட்டுப் போனால் நான் யார் வீட்டு வாசலில் நிற்பது?

அந்த வேலை நடக்கிற வலைக்கூடத்தில் பாதியைக் கோயில் ஃபாதர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். நடுவில் தரையோடு ஒரு கயிறு கட்டியிருக்கிறாள். இந்தப் பக்கம் கடலுக்குப் போகிற வலை, அந்தப் பக்கம் குப்பை வலை. நான் இத்தனை வருடம் காலை நீட்டி உட்கார்ந்த கூடத்தில் எனக்கு ஒருத்தி எல்லை போடுகிறாள்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி, அவளும் வலை பொத்துகிறவள்தான்.

“ஒனக்கு யாரு வந்தாலும் சந்தேகந்தான் பிலோமி. புது ஃபாதர் வந்தப்பகூட ரெண்டு மாசம் அவருட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவலயே நீ” என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும்.

ஏப்ரல் 18

கரையில் கிடந்தவை: ஒற்றைச் செருப்பு நான்கு, இருமல் மருந்து பாட்டில், ஒரு பொம்மையின் கால். போதுமா?

ஏப்ரல் 22

வகுப்பு தொடங்கிவிட்டது. பதினான்கு பெண்கள். கூப்பிட்டதும் நானும் போய் உட்கார்ந்தேன். கற்றுக்கொள்ள அல்ல. உள்ளே இருந்தால்தான் என்ன நடக்கிறது என்று தெரியும்.

குப்பை வலையை மூன்று முறை சவக்காரத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுகிறாள். உப்பும் பாசியும் போய், முரட்டு வலை தலையணை உறை மாதிரி மெத்தென்று ஆகிவிடுகிறது. அதை வெட்டி, மடித்துத் தைத்தால் பை. வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

அந்தப் பெண் என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் கண்ணையே பார்க்கிறாள். குனிந்து, எட்டி, இரண்டு கண்ணையும் மாறி மாறி. என் கண்ணில் என்ன இருக்கிறது அவளுக்கு?

ஏப்ரல் 26

என் வலை ஊசியைக் காணவில்லை. இருபது நிமிடம் தேடினேன். ஜெசிந்தா வந்து, என் முட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் வைத்த இடம் அது இல்லை. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று எழுத வேண்டியதில்லை.

பைக்கு உள்துணி தைக்க அவள் கொடுத்த தையல் ஊசியும் சரியில்லை. நூல் உள்ளே போக மாட்டேன் என்கிறது. சென்னையில் துவாரம் குத்தாமலே விற்கிறார்கள் போலிருக்கிறது. எச்சில் தொட்டுத் தொட்டு எனக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம். கடைசியில் அவளே வந்து, நான் கேட்காமலே, கோத்துக் கொடுத்தாள். மற்ற பதின்மூன்று பேருக்கும் செய்யாத உபசாரம் எனக்கு எதற்கு?

மே 3

இன்று என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். பதினொரு மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று எழுந்து வந்துவிட்டேன். உடனே, “சாரிக்கா, வெளிச்சம் கூசுதா? எவ்வளவு நாளா கூசுது?” என்று பின்னாலேயே வந்தாள். நாள் கணக்குக் கேட்கிறாள் பாருங்கள், போலீஸ்காரி மாதிரி.

அப்புறம் எனக்கு மட்டும் தடிக் கயிற்று வேலை கொடுத்தாள். பாய் பின்ன வேண்டுமாம். விரல் பருமன் கயிறு, சின்னப் பிள்ளைகூடப் பின்னும். வலையில் ஊரிலேயே பொடிக் கண்ணி முடிகிறவள் என்று பேர் வாங்கியவளுக்குக் கயிற்றுப் பாய்.

சாயங்காலம் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனேன். பீடத்து விளக்குகளை மாற்றியிருக்கிறார்கள் போல. ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் ஒரு வட்டம் தெரிகிறது. மலிவுச் சரக்கு.

மே 9

இது முக்கியம், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். நான் வலைக் குவியலுக்குப் பின்னால் சற்றே சாய்ந்திருந்தேன். அவள் செல்போனில் பேசிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது.

“பிலோமினா. ஐம்பத்திமூணு. ஆமா, தனியாத்தான் இருக்காங்க. இல்ல, அவங்களுக்கு இன்னும் தெரியாது, நான் மெதுவா சொல்லிக் கூட்டிட்டு வரேன். அடுத்த மாசம் முதல் வாரம் இடம் இருக்கா?”

என் பெயர். என் வயது. தனியாக இருக்கிறேன் என்ற விவரம். எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறாள்? எந்த இடம்? சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள் போல வந்து, “அக்கா, ஒருநாள் என்னோட தூத்துக்குடி வரைக்கும் வரீங்களா, ஒரு இடத்தக் காட்டணும்” என்றாள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தாவிடம் சொன்னதற்கு, ஒன்னயத் தூக்கிட்டுப் போயி எவன் சோறு போடுவான் என்று கேட்டாள்.

மே 15

ஜெசிந்தா இந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக்கு நாலு வரி எழுதுகிறாயே, ஒன்றாம் வகுப்பா என்றாள். நோட்டு சீக்கிரம் தீரட்டும், அவள் காசு கரையட்டும் என்றுதான் பெரிதாக எழுதுகிறேன் என்றேன்.

மே 21

கொஸ்மாஸ் வந்தான். இந்த வருடம் இழுவலைக்குப் புது மடி வாங்கியிருக்கிறான். மீன் எல்லாம் போய்ச் சேருகிற கடைசிப் பை அதுதான். அது இல்லையென்றால் வலை இருந்தும் இல்லாத மாதிரி. ஏதோ புது மாதிரி நூலாம். பழைய வலையில் அதை இணைத்து முடிய வேண்டியது என் வேலை.

“பதினஞ்சாம் தேதி மொதப் பாடு மீனு இந்த மடிலதான் விழணும். வேற யாரயும் தொட விடாத. ஒன் கைய நம்பித்தான் குடுக்கேன்” என்றான்.

பழைய வலையின் கிழிசல்களை முதலில் முடிக்கலாம் என்று மடியைப் பிரிக்காமல் ஓரமாகப் போடச் சொன்னேன். அவன் ஆட்கள் எங்கே போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. நம் பக்கம்தான் போட்டிருப்பார்கள்.

தாரிணி பெண்களை விரட்டிக்கொண்டிருக்கிறாள். ஜூனில் தூத்துக்குடியில் ஏதோ கண்காட்சி, நாற்பது பை வேண்டுமாம்.

மே 28

இன்று கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதுகிறேன். அந்தப் பெண் ஊரில் இல்லை. ஜெசிந்தாவும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மற்றப் பெண்கள் பை எண்ணிக்கை சேரவில்லை என்று கையைப் பிசைந்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரியை எடுத்தேன். கயிற்றோரம் அலசிக் காய்ந்த வலை மெத்தென்று கைக்கு வாகாகக் கிடந்தது. ஒரே வெட்டு, அளந்த மாதிரி. மூன்று பை முடித்துவிட்டேன், இவள் சொல்லிக்கொடுத்த தையல் இல்லாமல், வலை வாயைக் கட்டுகிற நம்முடைய கட்டாலேயே. நாளைக்குப் பெண்கள் அசந்துபோவார்கள்.

நாலரை மணிக்கு அவள் வந்தாள். ஒரு பையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். கயிற்றுப் பக்கம் போய் எதையோ குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். “அழகா இருக்குக்கா” என்றாள். அப்படிச் சொல்கிறவள் குரல் ஏன் செத்துப்போனது போல இருக்க வேண்டும்? மூன்று பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமை. வேறென்ன?

மே 31

நான் சொன்னேன். முதல் நாளிலிருந்து சொன்னேன்.

கொஸ்மாஸ் ஆட்களோடு வந்து மடியைப் பிரித்தான். நடுவில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை. கிழிசல் இல்லை, கத்தரியால் வெட்டியது. கொஸ்மாஸ் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தடை முடிய இரண்டு வாரம். அதே மாதிரி நூல் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். மொத்த ஊரும் கூடிவிட்டது.

யார் வெட்டியது என்று கேட்டதற்கு நான்தான் முன்னால் வந்து பேசினேன். குப்பையையும் வலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது யார், கத்தரியை ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்தது யார், கண்காட்சிக்கு நாற்பது பை என்று விரட்டியது யார் என்று கேட்டேன். வெட்டியது அவள் கையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் அதே பார்வை, கண்ணுக்குள். பிறகு கொஸ்மாஸிடம், “என்னோட கவனக்குறைவுதான். நான் பொறுப்பேத்துக்கறேன்” என்றாள்.

தப்பு செய்யாதவள் இப்படிச் சொல்வாளா? ஞாயிறு பூசைக்குப் பிறகு கமிட்டி கூடுகிறது. வகுப்பை மூடி அவளை அனுப்பிவிடப் போகிறார்கள்.

ஜூன் 1

சாட்சி கிடைத்தது.

காலையில் அவள் கூடத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்த அந்த மூன்று பைகளையும் பெட்டியின் அடியில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடுவதைப் பார்த்தேன். மற்ற முப்பத்தைந்து பையும் வெளியே மேசையில் இருக்கும்போது இந்த மூன்றை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? அவள் ஃபாதரைப் பார்க்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து, என் கட்டுத்தானா என்று தடவிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பையை நான் எடுத்தால் திருட்டாகாது.

நேரே ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் போட்டு, இதை எதற்கு ஒளிக்கிறாள் என்று நீயே சொல் என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது அலசுன வலை இல்லட்டி. புது நூலு. கொஸ்மாஸ் மடி.”

பார்த்தாயா, நான் சொன்னேனே என்றேன்.

“வாயக் கட்டியிருக்கது ஒன் கட்டு, பிலோமி. நீதான செஞ்ச இத?”

நான் பையை வாங்கக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

“குப்பயெல்லாம் வெளிறிப்போயிக் கெடக்கு. இது எல பச்ச. பச்சன்னு ஒனக்குத் தெரியலயா?”

ஈ மொய்க்கிறது, மீனை மூடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 2, காலை

பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை.

ஜூன் 2, மத்தியானம்

கமிட்டி கூடத்தில் உட்கார இடமில்லை. தாரிணி முன்னால் நின்றாள். கவனக்குறைவு என்று முன்பு சொன்னதையே சொன்னாள். நாளைக்கே கிளம்பிவிடுவதாகவும், எப்படியாவது மடிக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னாள். தலைவர் தீர்மானம் எழுதப் பேனாவை எடுத்தார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஜெசிந்தா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

எழுந்தேன். “அத வெட்டுனது நான்” என்றேன்.

யாரும் நம்பவில்லை. பின்னால் சிலர் சிரித்தார்கள். தலைவர் உட்காரச் சொன்னார். பிலோமி கை தவறாது என்று இந்த ஊர் இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது நானே சொன்னாலும் கேட்பாரில்லை. அந்தப் பிள்ளை மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதே என்றான் கொஸ்மாஸ். கைதான் வெட்டியது, கண் பார்க்கவில்லை என்றேன். அலசின குப்பையும் புது நூலும் கைக்கு ஒன்றுபோல இருந்தன, நிறம் தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டேன் என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்டின மடியிலிருந்து ஒரு துண்டும், தாரிணியின் குவியலிலிருந்து ஒரு துண்டும் கொண்டுவரச் சொன்னான். இரண்டு கையிலும் இரண்டையும் தூக்கிப் பிடித்தான்.

“இதுல எது என் மடி? சொல்லு.”

எனக்குத் தெரிந்தது இரண்டும் சாம்பல் நிறம். குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும். சரியாகிவிட்டால் நான் பழையபடி பிலோமி.

தெரியல என்றேன்.

பத்தடி முன்னால் வந்தான். “இப்ப?”

தெரியல.

இன்னும் வந்தான். அவன் மேல் அடிக்கிற டீசல் வாடை எனக்கு எட்டியது. “இப்ப?”

ஒன்று பச்சை, மற்றது நீலம் என்று பிறகு சொன்னார்கள்.

“தெரியல கொஸ்மாஸு” என்றேன்.

கையைத் தொங்கவிட்டுவிட்டான். மெதுவாக, எத்தன நாளா என்று கேட்டான்.

“ரெண்டு வருசமா.”

அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இரண்டு வருடமாக நான் தடவித் தடவிப் பொத்தின வலையோடுதான் அவனும் ஐந்து பேரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 5

கொஸ்மாஸ் மடியையும் வலையையும் ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டான். கிடைத்த பழைய மடியிலிருந்து ஒட்டுப் போடுகிறாள். மூன்று பெண்கள் கூட உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் தாரிணி வகுப்புப் பெண்கள். நானும் வரட்டுமா என்று கேட்க வாசல் வரை போனேன். கேட்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆனது, அதனால் எழுதிவைக்கிறேன். அழுதேன்.

வகுப்பை மூடவில்லை. கயிற்றுக்குப் பதிலாகத் தட்டி அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 12

இதை எழுதுவது தாரிணி. சொல்வது நான், பிலோமினா. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். செய்கிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

தூத்துக்குடியில் கண் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கண் இரண்டு மாதம் கழித்தாம். அன்றைக்கு செல்போனில் என் பெயரையும் வயதையும் சொல்லி இடம் கேட்டது இந்த ஆஸ்பத்திரியில்தான். முதல் வாரம் என்றது தள்ளிப்போய் இப்போதுதான் கிடைத்தது. நேராகக் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனா என்று கேட்டாள். வந்திருக்க மாட்டேன்.

என் கண்ணில் குறை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல், குரல் வருகிற பக்கம் நான் காதைத் திருப்புவதைப் பார்த்தாளாம். பிறகு ஏன் கமிட்டியில் சொல்லவில்லை என்று கேட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது, நான் சொன்னால் உங்கள் பிழைப்பைப் பிடுங்கின மாதிரி ஆகும் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் நடுவில் பழியைச் சுமந்துகொண்டு நிற்க இவளுக்கு என்ன தலையெழுத்து என்று திட்டினேன். அந்தத் திட்டையும் எழுதச் சொன்னேன்.

சனிக்கிழமை படகுகள் போகின்றன. ஒட்டுப்போட்ட மடியோடு கொஸ்மாஸும் போகிறான். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. கண் தெளிந்தாலும் வலை கொடுப்பானா என்பது எனக்குத் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, கண் உறுத்தியதால் சற்று நிறுத்தினேன். தாள் திரும்புகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் மளமளவென்று. அடுத்த பக்கத்துக்கு அல்ல, நான் முன்பு எழுதிய பக்கங்களுக்குப் போகிறாள். அந்தப் பக்கங்களில் அவளை என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். நோட்டு கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை, அப்படியே படுத்திருந்தேன்.

நர்ஸ் வந்து சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறமும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடுத்து என்னக்கா எழுதணும்?” என்றாள்.

“முழுசும் படிச்சேல்ல, அதயும் எழுது” என்றேன்.